சாப்பிட்ட கொழுப்பைக் கணக்கெடுக்க எதை நம்புவது: வாயையா, பிளாஸ்மாவையா, சிவப்பணுவையா?

உணவு ஆய்வு ஒன்றில் கேள்வித்தாள் நிரப்பும் வேலையில் இருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. "போன ஒரு வருஷத்தில் மீன் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பீங்க? மாசம் ஒரு தடவையா, வாரம் ஒரு தடவையா, அதுக்கும் மேலயா?" என்று கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார், விரலை மடக்கினார், பிறகு சிரித்துக்கொண்டே, "மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு போட்டுக்கோங்க" என்றார். போட்டுக்கொண்டேன். உணவை அளக்கும் துறைக்கு இருக்கும் தலைவலி முழுக்க அந்தப் "போட்டுக்கோங்க"வில் அடங்கியிருக்கிறது.

அன்றே அவரிடம் ரத்தமும் எடுத்தோம். அந்த ரத்தம் சொன்னது வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒருவர் எந்தக் கொழுப்பை எவ்வளவு சாப்பிடுகிறார் என்று தெரிய வேண்டும். அதற்கு அவரையே கேட்கலாம், இல்லை ரத்தத்தில் தேடலாம். ரத்தத்திலும் பிளாஸ்மா (அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் திரவம்), சிவப்பணு, பிளேட்லெட், வெள்ளையணு என்று பல கடைகள். அதையும் தாண்டி, தோலுக்கடியில் சேர்ந்திருக்கும் கொழுப்பையே ஊசியால் உறிஞ்சிப் பார்க்கவும் வழி உண்டு. ஆய்வு ஒன்றைத் தொடங்கவிருந்த இளையவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சிவப்பணுவுலயே எல்லாம் தெரிஞ்சிடும்னா கேள்வித்தாள் எதுக்கு மேடம்? அதைத் தூக்கிடலாமா?" அவருக்குச் சொன்ன பதில்தான் இது, கொஞ்சம் விரித்து.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பால் தானாகத் தயாரிக்க முடியாத கொழுப்புக்குச் சிவப்பணு அருமையான சாட்சி. உடம்பே தயாரித்துக்கொள்ளும் கொழுப்பைப் பற்றிக் கேட்டால் அது ஏறக்குறைய ஊமை. எந்தக் குழாயில் ரத்தம் எடுப்பது என்று யோசிப்பதற்கு முன், எந்தக் கொழுப்பு, எத்தனை நாள் கணக்கு என்ற இரண்டையும் முடிவுசெய்துவிட வேண்டும். பல ஆய்வுகள் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, கையில் கிடைத்த எண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கின்றன.

கேட்டு எழுதுவது

கேள்வித்தாளைக் குறைசொல்வது சுலபம். ஆனால் பல்லாயிரம் பேரை வருடக்கணக்கில் பின்தொடர வேண்டுமானால் அதைவிட மலிவான வழி இன்றும் இல்லை. அது எவ்வளவு தவறும் என்பதற்கு நல்ல அளவீடும் கைவசம் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1999–2000இல் நடத்தி, 2003இல் முடிவுகளை வெளியிட்ட 'ஓபன்' ஆய்வில் 484 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களுக்கு ஐசோடோப்புகளால் அடையாளமிட்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, உடம்பு உண்மையில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்று கணக்கிட்டார்கள். பிறகு அவர்கள் சொன்ன சாப்பாட்டை அதோடு ஒப்பிட்டார்கள். கேள்வித்தாளில் ஆண்கள் 31 முதல் 36 சதவீதம் வரை குறைத்துச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் 34 முதல் 38 சதவீதம் வரை. "நேற்று காலையிலிருந்து என்னவெல்லாம் சாப்பிட்டீர்கள்" என்று கேட்கும் 24 மணிநேர நினைவுமுறை இதைவிடத் தேவலை. அதில் ஆண்கள் 12 முதல் 14 சதவீதமும், பெண்கள் 16 முதல் 20 சதவீதமும் குறைத்திருந்தார்கள்.

இதெல்லாம் மொத்தச் சக்திக்கு. புரதத்துக்கும் ஓர் உரைகல் உண்டு: அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பாலும் சிறுநீரில் வந்துவிடும், பிடித்து அளந்துவிடலாம். கொழுப்புக்குத்தான் அப்படி ஒன்று இல்லை. எரிந்தால் கரியமில வாயுவாகவும் நீராகவும் போய்விடுகிறது. எரியாவிட்டால் உடம்பில் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடுகிறது. உள்ளே போனது இத்தனை கிராம் என்று திருப்பிக் கணக்குக் காட்டும் கழிவு எதுவும் வெளியே வருவதில்லை. ரத்தத்தில் இவ்வளவு சிரமப்பட்டுத் தேடுவதற்கு மூலகாரணம் இதுதான்.

24 மணிநேர முறை தேவலை என்றேன். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிடும் பொருளை அது பெரும்பாலும் தவறவிடும். ஒரே ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் அந்த நாள் மீன் நாளாக இருக்கும் வாய்ப்பு ஏழில் ஒன்று. சாப்பிடச் சாப்பிட எழுதிவைக்கச் சொல்லும் உணவுக் குறிப்பேட்டில் இன்னொரு வேடிக்கை நடக்கும். எழுத வேண்டுமே என்ற அலுப்பிலேயே இரண்டாவது தடவை போட்டுக்கொள்வதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். அளக்கப் போன இடத்தில் அளவே மாறிவிடுகிறது.

இதற்கெல்லாம் மேலே உணவு அட்டவணைச் சிக்கல். ஒருவர் துளிப் பொய் இல்லாமல் பதில் சொன்னாலும், வெளியில் வாங்கிச் சாப்பிட்ட பண்டம் எந்த எண்ணெயில் பொரிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அட்டவணையில் இருக்கும் சராசரி எண்ணைத்தான் போட வேண்டும். ஆலையில் எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பைப் பொறுத்தவரை இது பெரிய ஓட்டை. ஒரே வகைப் பண்டம், இரண்டு தயாரிப்பாளர்கள் என்றால் டிரான்ஸ் அளவு எங்கேயோ போய் நிற்கும்.

சிவப்பணு என்ன வைத்திருக்கிறது

சர்க்கரை நோயாளிகளுக்கு எச்பிஏ1சி பரிசோதனை தெரிந்திருக்கும். இன்று காலை சர்க்கரை எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. அது எப்படி முடிகிறது? சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அத்தனை நாளும் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகிறது. கொழுப்புக்கும் ஏறத்தாழ இதே கதைதான், இடம் மட்டும் வேறு. சிவப்பணுவைச் சுற்றியிருக்கும் சவ்வில் கொழுப்பு அமிலங்கள் நிறைய இருக்கின்றன. அணுவுக்குள் உட்கரு கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. புதிதாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்கவோ, ஒன்றை இன்னொன்றாக மாற்றவோ அதற்கு வசதி இல்லை. எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது கிடைத்ததையும், பிறகு பிளாஸ்மாவோடு மெல்ல மெல்லக் கொடுத்து வாங்கிக்கொண்டதையும் வைத்துத்தான் காலம் தள்ளுகிறது.

எவ்வளவு மெல்ல? நெதர்லாந்தின் மார்ட்டின் காட்டானும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட 18 மாத ஆய்வு இதற்கு நல்ல பதில். ஆண்களுக்கு வெவ்வேறு அளவில் மீன் எண்ணெய் கொடுத்து, இபிஏ என்ற ஒமேகா-3 அமிலம் எங்கே எப்போது ஏறுகிறது என்று பார்த்தார்கள். பிளாஸ்மாவின் கொலஸ்டிரால் எஸ்டரில் (கொழுப்பு அமிலம் ஒட்டிய கொலஸ்டிரால்) ஏற வேண்டிய அளவில் பாதி ஏற ஏறத்தாழ 5 நாள். சிவப்பணுவில் ஏறத்தாழ 28 நாள்.

இந்த 28ஐக் கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். 28 நாளில் பாதி, 56 நாளில் முக்கால், 84 நாளில் 87 சதவீதம் சொச்சம், 112 நாளில் 94 சதவீதம். ஆகவே இன்று சாப்பாட்டை மாற்றினால், சிவப்பணு புதிய நிலைக்கு வந்து நிற்கக் கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகும். ஆறு வாரத் தலையீட்டு ஆய்வுக்குச் சிவப்பணுவை நம்பி இறங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிவில் "மாற்றம் குறைவு" என்று எழுதுகிறார்கள். குறைவு என்று எப்படிச் சொல்வது? பாதி வழியில் நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கம், இந்த மந்தத்தனம்தான் அதன் பெருமையும். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின நாள் விருந்தில் மீனை ஒரு கை பார்த்துவிட்டு வந்தவரின் பிளாஸ்மா துள்ளும், சிவப்பணு அசையாது. பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் "நல்ல பிள்ளையாக" இருந்துவிட்டு வருபவரிடமும் அது ஏமாறாது.

எந்தக் கொழுப்புக்கு இது சாட்சி

மொத்தத்தில் எவ்வளவு கொழுப்பு சாப்பிடுகிறோம் என்பதைச் சிவப்பணு சொல்லாது. சொல்லவே முடியாது. சவ்வில் இருக்கும் கொழுப்பின் மொத்த அளவு ஏறக்குறைய மாறாதது. நாம் எவ்வளவு சாப்பிட்டாலும் சவ்வு தடிக்கப் போவதில்லை. உள்ளே இருக்கும் வகைகளின் பங்குதான் மாறுகிறது. அதனால் முடிவுகள் எல்லாம் சதவீதத்தில் வருகின்றன. ஒருவர் நாளுக்கு 40 கிராம் கொழுப்பு சாப்பிடுகிறார், அதில் 8 கிராம் லினோலெயிக் அமிலம் என்ற தாவர எண்ணெய்க் கொழுப்பு. இன்னொருவர் 80 கிராம் சாப்பிடுகிறார், அதில் 16 கிராம். இரண்டுமே ஐந்தில் ஒரு பங்கு. இருவரின் சிவப்பணுவும் ஒரே மாதிரி தெரிய எல்லா வாய்ப்பும் உண்டு, ஒருவர் இரட்டிப்பாகச் சாப்பிட்டிருந்தும். அப்புறம் சதவீதத்துக்கே உரிய தொல்லை: ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும். ஒமேகா-3 மாத்திரை போட்டவருக்கு ஒமேகா-6 (லினோலெயிக் அமிலத்தின் குடும்பம்) "குறைந்துவிட்டது" என்று அறிக்கை வரும். ஒமேகா-6ஐ அவர் ஒரு சொட்டுக்கூடக் குறைத்திருக்க மாட்டார்.

நிறைவுற்ற கொழுப்பின் கதை இன்னும் மோசம். அதன் முக்கிய உறுப்பினர் பால்மிட்டிக் அமிலம். இதைக் கல்லீரல் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் தானே தயாரித்துக்கொள்ளும். 2014இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 16 பேருக்குப் படிப்படியாக மாவுச்சத்தைக் கூட்டி, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். சாப்பாட்டில் அந்தக் கொழுப்பு பாதிக்கும் கீழே இறங்கியும் பிளாஸ்மாவில் அது பெரிதாக அசையவில்லை. மாவுச்சத்து கூடக் கூட ஏறிக்கொண்டே போனது பால்மிட்டோலெயிக் அமிலம் என்ற இன்னொன்று. ரத்தத்தில் நிறைவுற்ற கொழுப்பு அதிகம் என்று பார்த்துவிட்டு "நெய்யைக் குறைங்க" என்று சொல்லும் முன், சர்க்கரைப் பக்கமும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. ஓலெயிக் அமிலமும் அப்படித்தான். ஸ்டியரிக் அமிலத்திலிருந்து ஒரு நொதி அதை எளிதாகச் செய்துவிடும். அராகிடோனிக் அமிலம் வேறு மாதிரி முரண்டு பிடிக்கும். அதன் அளவை உடம்பு கட்டுப்பாட்டில் வைத்திருப்பதால் சாப்பாட்டுக்குத் தகுந்தபடி ஆடாது.

மிஞ்சுவது யார்? உடம்பு தயாரிக்காதவை, அல்லது மிகக் கொஞ்சமாகத் தயாரிப்பவை. மீனிலிருந்து வரும் இபிஏ, அதன் ஒமேகா-3 உறவினரான டிஎச்ஏ. தாவர எண்ணெய்களின் லினோலெயிக் அமிலம். ஆலை டிரான்ஸ் கொழுப்பு. பால் கொழுப்புக்கு அடையாளமாகச் சொல்லப்படும் 15, 17 கார்பன் உள்ள ஒற்றைப்படை அமிலங்கள். இந்தக் கடைசி இரண்டில் 17 கார்பன் அமிலத்தை உடம்பும் ஓரளவு தயாரிக்கும் என்பதால், பாலை அளக்க அதை மட்டும் நம்புவதில்லை நான்.

இவற்றுக்குள்ளும் தரவரிசை உண்டு. அமெரிக்காவின் நர்ஸஸ் ஹெல்த் ஸ்டடியைச் சேர்ந்த 306 பெண்களிடம் கேள்வித்தாள், பிளாஸ்மா, சிவப்பணு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. சாப்பிட்டதாகச் சொன்ன அளவுக்கும் ரத்தத்தில் கண்ட அளவுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் தொடர்பே இல்லை), டிஎச்ஏவுக்குச் சிவப்பணுவில் 0.56, பிளாஸ்மாவில் 0.48. டிரான்ஸ் கொழுப்புக்கு 0.43, 0.30. இபிஏவுக்கு 0.38, 0.21. இந்த மூன்றிலும் சிவப்பணுவுக்கே வெற்றி. லினோலெயிக் அமிலத்துக்கு வந்தால் 0.24, 0.25, இரண்டும் ஒன்றுதான். தாவரங்களின் ஒமேகா-3 ஆன ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்துக்கு 0.18, 0.23. இங்கே பிளாஸ்மா கொஞ்சம் முந்துகிறது. அந்த அமிலம் சிவப்பணுச் சவ்வில் மிகக் குறைவாகவே தங்கும் என்பதால் இதில் ஆச்சரியமில்லை. ஆளி விதையோ வால்நட்டோ சாப்பிட்டதைச் சிவப்பணுவில் தேடினால் கை சும்மாதான் திரும்பும்.

0.56 என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: அந்த ஒப்பீட்டில் மறுபக்கம் நிற்பது கேள்வித்தாள். அதுவே ஓட்டை வாளி. ஓட்டை வாளியோடு ஒப்பிட்டு இவ்வளவு வந்திருப்பதே பெரிது.

மீன் கொழுப்புக்குச் சிவப்பணு எவ்வளவு பொருத்தம் என்பது அதற்கும் முன்பே தெரியவந்துவிட்டது. சியாட்டில் பகுதியில் திடீர் இதயநிறுத்தம் வந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு 1995இல் வெளியான ஆய்வு, சிவப்பணுச் சவ்வில் ஒமேகா-3 3.3 சதவீதம் இருந்தவர்களைவிட 5 சதவீதம் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து 70 சதவீதம் குறைவாக இருந்ததைக் காட்டியது. 2004இல் வில்லியம் ஹாரிஸும் கிளெமென்ஸ் ஃபான் ஷாக்கியும் இபிஏ, டிஎச்ஏ இரண்டையும் கூட்டி, சிவப்பணுவின் மொத்தக் கொழுப்பு அமிலத்தில் அது எத்தனை சதவீதம் என்று பார்க்கும் 'ஒமேகா-3 இண்டெக்ஸ்' என்ற அளவை முன்வைத்தார்கள். 8 சதவீதமும் மேலும் நல்லது, 4 சதவீதமும் கீழும் கவலைக்குரியது என்பது அவர்கள் போட்ட கோடு. தனியார் பரிசோதனைக் கூடங்கள் இன்று விற்பது பெரும்பாலும் இதைத்தான்.

மற்ற கடைகள்

பிளாஸ்மாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு தவறான புரிதல் குறுக்கே வரும். வழக்கமான லிப்பிட் புரொஃபைல் எடுத்தால் சாப்பிட்ட கொழுப்பு தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அதில் வரும் டிரைகிளிசரைடு, எல்டிஎல் எல்லாம் உடம்பு கொழுப்பை எப்படிச் சுமந்து போகிறது என்பதைச் சொல்பவை. மதுவும் சர்க்கரையும்கூட டிரைகிளிசரைடை ஏற்றும். அது வேறு பரிசோதனை, வேறு கேள்வி. நான் இங்கே பிளாஸ்மா என்பது அதிலிருக்கும் கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்ப்பதை.

அப்படிப் பார்த்தால் பிளாஸ்மாவுக்குள்ளேயே மூன்று அறைகள். டிரைகிளிசரைடில் இருப்பது கடைசிச் சாப்பாடு முதல் சில நாள் வரை. கொலஸ்டிரால் எஸ்டரிலும், சவ்வுகளில் காணப்படும் கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிடிலும் இருப்பது ஒன்றிரண்டு வாரங்களைச் சொல்லும். குறுகிய தலையீட்டு ஆய்வென்றால், சொன்ன எண்ணெயை நிஜமாகவே பயன்படுத்துகிறார்களா என்று மூன்றாவது வாரமே தெரிய வேண்டுமென்றால், பாஸ்போலிப்பிடுதான் என் தேர்வு. பிளாஸ்மாவுக்குச் சேமிப்பிலும் தொல்லை குறைவு. பழைய பெரிய ஆய்வுகள் பலவற்றில் உறைநிலையில் தூங்கிக்கொண்டிருப்பதும் பிளாஸ்மாவும் சீரமும்தான். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் எடுத்த பிளாஸ்மாவை ஒப்பிட்டுத்தான், அங்குள்ள வெள்ளையர்களிடம் டிரான்ஸ் கொழுப்பு 58 சதவீதம் இறங்கியதைக் கண்டுபிடித்தார்கள். மக்கள் கூட்டத்தின் போக்கைப் பார்க்க அது போதும்.

பிளேட்லெட்டின் ஆயுள் 8 முதல் 10 நாள். வெள்ளையணுக்களுக்கு உட்கரு உண்டு, சொந்தச் சமையலறை உண்டு. தாங்களே கொழுப்பை மாற்றி அமைத்துக்கொள்ளும். அழற்சி பற்றிய ஆய்வென்றால் அவற்றைப் பார்ப்பதில் பொருளுண்டு. சாப்பாட்டுக் கணக்குக்கு இரண்டையும் நான் பரிந்துரைப்பதில்லை. பிரித்தெடுக்கும் பாட்டுக்குக் கிடைக்கும் பலன் போதாது.

தோலடிக் கொழுப்பு வேறு உலகம். அது மாறுவதற்கு ஒன்றிரண்டு வருடமாவது ஆகும். ஆகவே நீண்டகாலப் பழக்கத்துக்கு அதைவிட நல்ல பதிவேடு இல்லை. பிட்டத்திலிருந்தோ வயிற்றிலிருந்தோ ஊசியால் துளி எடுக்க வேண்டும். கேட்டாலே ஓடிவிடுவார்கள் என்று தோன்றும். ஆனால் டென்மார்க்கில் 1993 முதல் 1997 வரை ஆள்சேர்த்த, 57,000 பேருக்குமேல் கொண்ட ஓர் ஆய்வில் அப்படி எடுத்தே சேமித்திருக்கிறார்கள். உங்கள் ஆய்வு புற்றுநோய் மாதிரி மெல்ல வளரும் நோயைப் பற்றியதென்றால், கூச்சப்படாமல் இதை யோசியுங்கள்.

விரல் நுனியில் குத்தி, காகிதத்தில் சொட்டுவைத்துக் காயவிடும் முறையும் இப்போது பரவியிருக்கிறது. ஊசி போடத் தெரிந்தவர் வேண்டாம், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வேண்டாம், தபாலில் அனுப்பலாம். ஆனால் சொட்டில் இருப்பது முழு ரத்தம். பிளாஸ்மாவும் அணுக்களும் கலந்தது. அதிலிருந்து சிவப்பணு அளவை ஒரு சமன்பாட்டின் வழியாகத்தான் கணக்கிடுகிறார்கள். காகிதத்தில் ஆக்சிஜனேற்றத் தடுப்பு தடவியிருக்கிறதா என்பதை மட்டும் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

ஃப்ரீசர் கதை

சிவப்பணுவைத் தயாரிப்பது பார்க்க அழகான வேலை. ரத்தக் குழாயைச் சுழற்றி எடுத்தால் மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் நூல் அளவுக்கு வெள்ளைப் படலம், கீழே அடர்சிவப்பு. மேலிரண்டையும் உறிஞ்சிவிட்டு, மிச்சத்தை உப்புநீரில் இரண்டு மூன்று தடவை அலசி, சின்னக் குழாய்களில் பிரித்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். இந்த "ஃப்ரீசர்" என்ற சொல்லில்தான் நான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். மைனஸ் 80 டிகிரி பெட்டியில் இடமில்லை என்று நாற்பது குழாய்களை மைனஸ் 20 டிகிரியில் வைத்தோம். கல்லாக உறைந்துதான் இருந்தது; நமக்கென்ன கவலை என்று விட்டுவிட்டோம். சில மாதம் கழித்து எடுத்தபோது சிவப்பு, பழுப்பாக மாறியிருந்தது. கருவியில் ஏற்றினால், வரைபடத்தின் கடைசியில் தலைகாட்ட வேண்டிய டிஎச்ஏ சிகரம் மேடு மாதிரி சுருங்கிக் கிடந்தது. பால்மிட்டிக் சிகரமோ எப்போதும்போல நெடுநெடுவென்று நின்றது.

காரணம் எளிது. சிவப்பணு முழுக்க இரும்பு. உறைந்து உடைந்த அணுவில் அந்த இரும்பு, பக்கத்திலிருக்கும் பலநிறைவுறாக் கொழுப்பை ஆக்சிஜனேற்றித் துருப்பிடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். மைனஸ் 20 அதை நிறுத்தப் போதாது. இரட்டைப் பிணைப்பு அதிகமாக உள்ள அமிலம்தான் முதலில் போகும், டிஎச்ஏவில் ஆறு. அதாவது நாம் எதைத் தேடிப் போனோமோ அதுவே முதல் பலி. கேள்வித்தாளில் மறதி செய்யும் வேலையை இங்கே இரும்பு செய்கிறது. மைனஸ் 80 பெட்டியும், மின்சாரம் போனால் மாற்று ஏற்பாடும் இல்லாத இடத்தில் சிவப்பணுவைத் தொடாதீர்கள். பிளாஸ்மாவுக்குப் போய்விடுங்கள்.

டிரான்ஸ் கொழுப்பு வேண்டுமென்றால் இன்னொரு செலவும் உண்டு. கொழுப்பு அமிலங்களை ஆவியாக்கித் தனித்தனியாகப் பிரிக்கும் கேஸ் குரோமடோகிராபியில் ஒமேகா-3ஐப் பிரிக்க 30 மீட்டர் நீளக் குழல் போதும். ஓலெயிக்கின் டிரான்ஸ் உறவினர்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க 100 மீட்டர் குழல் கேட்பார்கள். ஒரு மாதிரிக்கு ஆகும் நேரமும் கூடும். பரிசோதனைக் கூடத்திடம் பேசும்போது "டிரான்ஸ் பார்ப்பீர்களா" என்று கேட்காதீர்கள், "எந்தக் குழலில் பார்ப்பீர்கள்" என்று கேளுங்கள்.

யாரிடம் சிவப்பணு தடுமாறும்

ரத்தம் ஏற்றிக்கொண்டவரின் சிவப்பணு, ஒரு பகுதி வேறொருவர் சாப்பிட்டதைச் சொல்லும். சிவப்பணு சீக்கிரம் உடையும் ரத்தசோகைகளில் 120 நாள் என்ற கணக்கே செல்லாது, சாளரம் குறுகிவிடும். எச்பிஏ1சி தவறும் அதே ஆட்களிடம் இதுவும் தவறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

நோயில்லாதவர்களிடமும் ஒரே அளவு மீன் ஒரே சதவீதத்தைத் தராது. எஃப்ஏடிஎஸ் என்ற மரபணுக் கூட்டத்தில் இருக்கும் வேறுபாடு, குட்டைக் கொழுப்பு அமிலத்தை நீளமானதாக மாற்றும் வேகத்தை மாற்றுகிறது. குழந்தை பெறும் வயதுப் பெண்கள் ஆண்களைவிட டிஎச்ஏவைக் கொஞ்சம் கூடுதலாகத் தயாரிக்கிறார்கள், ஈஸ்ட்ரோஜனின் கைவேலை. புகைபிடிப்பவர்களிடம் அளவு இறங்கியிருக்கும். உடல் எடையும் வயதும்கூடச் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஒருவருக்கு 5 சதவீதம் வந்தது, இன்னொருவருக்கு 6 வந்தது என்பதை வைத்து, இவர்தான் அதிகம் சாப்பிடுகிறார் என்று ஆளுக்கு ஆள் தீர்ப்பு எழுத முடியாது. ஒரே ஆளை நான்கு மாத இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தால், மரபணு முதலான மாறாதவை இரண்டு பக்கமும் சமமாகிவிடும். அதில்தான் சிவப்பணுவின் உண்மையான பலம்.

அப்படியானால் எது

தனக்காகப் பரிசோதித்துக்கொள்ள நினைப்பவரென்றால், ஒமேகா-3 அளவுக்குச் சிவப்பணுப் பரிசோதனை அர்த்தமுள்ளது, அதுவும் சாப்பாட்டை மாற்றுவதற்கு முன் ஒன்று, மாற்றி நான்கு மாதம் கழித்து ஒன்று என்று. "உங்கள் கொழுப்பு உணவு முழுவதையும் ஒரு சொட்டில் சொல்கிறோம்" என்று இருபது அமிலங்களின் பட்டியலை யாராவது நீட்டினால், அதில் உங்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது நாலைந்துதான். மிச்சம் உங்கள் கல்லீரலின் சுயசரிதை.

மொத்தக் கொழுப்பு எத்தனை கிராம், நிறைவுற்றது எத்தனை கிராம் என்பதே கேள்வி என்றால் ரத்தம் எடுக்கவே வேண்டாம். அந்தப் பணத்தை 24 மணிநேர நினைவுமுறையை வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு தடவை செய்வதில் போடுங்கள். அதில் வார இறுதி ஒன்றாவது இருக்கட்டும்.

மீன் கொழுப்பு அல்லது டிரான்ஸ் கொழுப்பு, நான்கு மாதமோ அதற்கு மேலோ ஓடும் ஆய்வு, நல்ல ஃப்ரீசர்: இந்த மூன்றும் சேர்ந்தால் சிவப்பணு. காலம் குறைவென்றால் பிளாஸ்மா பாஸ்போலிப்பிடு. சிதறிக் கிடக்கும் ஊர்களிலிருந்து மாதிரி வர வேண்டுமென்றால், ஒமேகா-3க்கு மட்டும், காகிதச் சொட்டு.

அந்த இளையவரின் கேள்விக்கு வருகிறேன். கேள்வித்தாளைத் தூக்கிவிடலாமா? கூடாது. ஆள் தவறுவது மறதியால், கூச்சத்தால். ரத்தம் தவறுவது மரபணுவால், புகையால், ஃப்ரீசரால். ஒன்றின் தவறுக்கும் மற்றதன் தவறுக்கும் உறவில்லை. உறவில்லாத இரண்டு சாட்சிகள் ஒரே திசையைக் காட்டினால் அதை நம்பலாம். ஒன்றோடொன்று முரண்பட்டால், எங்கே போய்த் தோண்டுவது என்றாவது தெரியும். மீனை மட்டும் பற்றி இரண்டு பக்கத்தில் ஒரு சின்னக் கேள்வித்தாள் போதும். நூற்றுச் சொச்சம் கேள்வி வேண்டாம்.

அந்த அம்மாவின் விஷயம். மாதம் ஒன்றிரண்டு தடவை என்று போட்டுக்கொள்ளச் சொன்னவரின் இபிஏ, டிஎச்ஏ கூட்டுத்தொகை 8 சதவீதத்தைத் தாண்டி நின்றது. குழாய் மாறிவிட்டதோ என்று முதலில் பெயர்ச்சீட்டைச் சரிபார்த்தோம். பிறகு இரண்டாவது குழாயையும் ஓட்டினோம். அதுவும் அதையே சொன்னது. கடைசியில் அவருக்கே போன் போட்டு, மீன் நிஜமாகவே அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"அவ்வளவுதாம்மா. மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் ரெண்டு வருஷமா தினமும் போடறேன். நீங்க சாப்பாட்டைத்தானே கேட்டீங்க, மாத்திரையைக் கேக்கலையே."